ஃபிஜி கரும்பு ரயிலைப் பற்றிய ஒரு திருத்தம்

ஃபிஜித் தீவுகளின் சிறு ரயில் பாதையை ஆங்கிலேய அரசாங்கம் பயணிகளுக்காகப் போட்டதாகவும், அது எப்போதோ மூடப்பட்டுவிட்டதாகவும் மேலே ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

அதை அமைத்தது, சீனி ஆலைகளை நடத்திய ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. நோக்கம் கரும்பு ஏற்றுவது. வெட்டிய கரும்பில் நாள் கடக்கக் கடக்கச் சர்க்கரைச் சத்து குறையும் என்பதால், வயலுக்குள்ளேயே தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, வெட்டு நகர நகர அவற்றையும் பெயர்த்து நகர்த்தினார்கள். நம் மலேசிய ரயில்வேயான கே.டி.எம். பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அங்கே 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டே அடி. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றிய சிறு வண்டிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் குறுகிய தண்டவாளம் அந்நியமானதல்ல.

ஐயாவின் குழப்பத்துக்குக் காரணமும் புரிகிறது: அதே பாதையில் கம்பெனி கட்டணமில்லாப் பயணிகள் வண்டியும் ஓட்டியது. ஆனால் அது கூடுதல் சேவைதான்.

1973-இல் கம்பெனி வெளியேறியபின் ஃபிஜி சீனிக் கழகம் பொறுப்பேற்றது. அறுவடைக் காலத்தில் டீசல் எஞ்சின்கள் கரும்பு வண்டிகளை இழுத்தபடி அதன்பிறகும் ஓடின. 1903 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் உழைப்பு அந்தக் கரும்பில் இருக்கிறது. அதனால்தான், இதைப் பயணிகள் ரயில் என்று சுருக்குவதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.