2023-இல் நிலவில் இறங்கப் போன மூன்று கலங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்

2023-இன் அறிவியல் சாதனைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் சந்திரயான்-3 மேலே இருக்கும். அந்த இடம் அதற்கு உரியதுதான். ஆனால் அதே ஆண்டில் நிலவுக்குப் போய் விழுந்து நொறுங்கிய இரண்டு கலங்களுக்கு அந்தப் பட்டியல்களில் இடமே இருப்பதில்லை. ஒன்று ஐஸ்பேஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஹகுடோ-ஆர், ஏப்ரல் மாதம். இன்னொன்று ரஷ்யாவின் லூனா-25, ஆகஸ்ட் 19. இவை ஏன் விழுந்தன என்று தெரிந்தால்தான் ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3-இன் இறங்குகலமான விக்ரம் எதையெல்லாம் தாண்டி வந்து இறங்கியது என்பது புரியும்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். நிலவில் ஜிபிஎஸ் கிடையாது. காற்றும் இல்லை, அதனால் பாராசூட் உதவாது. 30 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 1.68 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் பறக்கும் கலம், தன் உயரத்தையும் வேகத்தையும் தானே கணக்கிட்டு, எஞ்சின்களை மட்டுமே நம்பி அந்த வேகத்தைக் குறைத்தாக வேண்டும். முடுக்கமானி (வேக மாற்றத்தை அளக்கும் கருவி) காட்டும் அளவைக் கூட்டிக்கொண்டே போய் வேகம், அதைக் கூட்டி இடம் என்று கணினி கணக்கிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பது போலத்தான் இது. போகப் போகப் பிழை பெருகும். அதனால் ரேடார், லேசர், கேமரா என்று வெளியே பார்க்கும் கருவிகளை வைத்து அவ்வப்போது அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? மூன்று கலங்களின் கதையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஹகுடோ-ஆர் அட்லஸ் என்ற பெரும்பள்ளத்தை நோக்கி இறங்கியது. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் கீழே தரை சட்டென்று ஏறத்தாழ 3 கி.மீ. தாழ்ந்துபோனது. ரேடார் உயரமானி அதைச் சரியாகவே அளந்து சொன்னது. ஆனால் கணினி எதிர்பார்த்த உயரத்துக்கும் இந்த அளவுக்கும் இடைவெளி அதிகம். உயரமானி பழுதாகிவிட்டது என்று மென்பொருள் முடிவு செய்து, அதன் அளவுகளை ஒதுக்கித் தள்ளியது. கருவி நடுவழியில் கெட்டாலும் கலம் தடுமாறக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு விதி, சரியான அளவையே தூக்கி எறிந்தது. உயரம் பூஜ்யம் என்று கலம் கணக்கிட்டபோது உண்மையில் அது தரைக்கு மேலே சுமார் 5 கி.மீ. உயரத்தில், செங்குத்தாக நிமிர்ந்து, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எரிபொருள் தீரும் வரை அப்படியே இறங்கி, பிறகு விழுந்தது. வடிவமைப்பின் முக்கியமான ஆய்வுக் கட்டம் முடிந்த பின் இறங்கும் இடத்தை மாற்றியதும், புதிய பாதையின் நிலப்பரப்பைக் கணினியில் நடத்தும் போலிப்பறப்புச் சோதனைகளில் போதுமான அளவு சேர்க்காததும்தான் மூலகாரணம். இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒரே மாதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஒரு தனியார் நிறுவனத்துக்கு அது எளிதான காரியம் இல்லை.

லூனா-25 இறங்கும் கட்டத்துக்கே வரவில்லை. இறங்குவதற்கு முந்தைய சுற்றுப்பாதைக்கு மாற எஞ்சின் 84 நொடி எரிய வேண்டும். 127 நொடி எரிந்தது. போதுமான வேக மாற்றம் கிடைத்துவிட்டது என்று முடுக்கமானி சொன்னதும் எஞ்சினை நிறுத்துவதுதான் வழக்கமான முறை. அந்த முடுக்கமானித் தொகுதி இயங்கத் தொடங்கவே இல்லை. வெவ்வேறு முன்னுரிமை கொண்ட கட்டளைகள் ஒரே தரவுத் தொகுப்பில் கலந்து போனதால், அதை இயக்கும் கட்டளை நிறைவேறாமல் போயிருக்கலாம் என்றது விசாரணை. கணினிக்குக் கிடைத்த வேகம் பூஜ்யமாகவே இருந்தது. கடைசியில் நேரக் கட்டுப்பாடு எஞ்சினை நிறுத்தியபோது காலம் கடந்துவிட்டது. 1976-க்குப் பிறகு ரஷ்யா நிலவுக்கு அனுப்பிய முதல் கலம் அது. ‘அளவு பூஜ்யம்’ என்பதும் ‘அளவே வரவில்லை’ என்பதும் வேறு வேறு என்று மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவீட்டுக் கருவிகளோடு வேலை செய்யும் எல்லோருக்கும் இது சுருக்கென்று தைக்கும்.

இப்போது விக்ரமுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2-இன் இறங்குகலம் விழுந்ததற்கு, 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் அந்த ஆண்டு மூன்று காரணங்கள் சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. கேமரா படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டத்தில் அந்தப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இரண்டாவது, அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. மூன்றாவது, 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னக் கட்டத்துக்குள்ளேயே இறங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை. அதை எட்டிப்பிடிக்கக் கலம் வேகத்தைக் கூட்டியது.

சந்திரயான்-3-இல் செய்த மாற்றங்களை இவற்றோடு பொருத்திப் பாருங்கள். இறங்கும் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆனது. எஞ்சின்கள் நான்கு, ஒவ்வொன்றும் 800 நியூட்டன். எரிபொருள் கூடுதல். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்கள் வலுவாயின. எனக்கு இவற்றில் மிக முக்கியமாகப் படுவது புதிதாகச் சேர்த்த லேசர் டாப்ளர் வேகமானி. தரையில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து, தரையைப் பொறுத்த வேகத்தை நேரடியாக அளக்கும் கருவி அது. கூட்டிக் கூட்டிப் பெருகிய பிழைக்கு அதுதான் மருந்து. 7.4 கி.மீ. உயரத்தில் கலம் 10 நொடி தன் சாய்வை நிலையாக வைத்துக்கொண்டதும், சுமார் 150 மீட்டர் உயரத்தில் நின்று கீழே பாறை, குழி இருக்கிறதா என்று பார்த்ததும் இப்படி வெளிக்கருவிகளைக் கேட்டுக் கணக்கைச் சரிசெய்யும் இடங்கள்தான்.

சோதனைகளும் அப்படியே. கருவிகளை ஹெலிகாப்டரில் தூக்கிப் பறந்து பார்த்தார்கள். எஞ்சின்களை எரியவிட்டுக் கிரேனில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். செயற்கை நிலவு மண்ணில் கால்களை இறக்கிப் பார்த்தார்கள். அத்தகைய மண்ணுக்கான அனார்த்தசைட் பாறை நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலையிலிருந்து இஸ்ரோவுக்குப் போனது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதைக் கொண்டாடிய அளவுக்கு இந்தப் பாறையைப் பற்றியும் நாம் பேசியிருக்கலாம்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னால் தவறு எவ்வளவு சீக்கிரம் பிடிபடும் என்பதற்கு வேறொரு துறையிலும் அதே ஆண்டில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஜூலை 22-இல் கொரிய ஆய்வாளர்கள் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், என்று அறிவித்தார்கள். அது உண்மையில்லை என்று ஆகஸ்ட் நடுவிலேயே தெரிந்துவிட்டது. எப்படி அவ்வளவு சீக்கிரம்? செய்முறையை முழுதாக எழுதியிருந்தார்கள். ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் கலந்து 725 டிகிரியில் 24 மணி நேரம். செம்பையும் பாஸ்பரஸையும் 550 டிகிரியில் 48 மணி நேரம். பிறகு இரண்டையும் அரைத்து, வெற்றிடக் குழாயில் அடைத்து 925 டிகிரி. இந்த வினையைச் சமன்படுத்திப் பார்த்தாலே ஒரு பங்கு எல்கே-99 உருவாகும்போது ஐந்து பங்கு செம்பு சல்பைடும் உடன் வரும் என்று தெரியும். செம்பு சல்பைடு சுமார் 104 டிகிரியில் அமைப்பு மாறும். அங்கே அதன் மின்தடை சட்டென்று விழும். மீகடத்தியின் அடையாளமாகக் காட்டிய வீழ்ச்சி அங்கிருந்துதான் வந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் கந்தகம் கலக்காத வேறு முறையில் தூய படிகம் வளர்த்தது: ஒளி ஊடுருவும் ஊதா நிறம், மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் தயாரித்துப் பார்த்து, மீகடத்தல் இல்லை என்றது. செய்முறையை ஒளித்திருந்தால் இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும்.

அதனால்தான் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. சந்திரயான்-2 தோல்வி பற்றிய ஆய்வுக் குழுவின் முழு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் சில வரிகள்தான்: முதல் கட்டத்தில் வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது, இரண்டாம் கட்டத்தில் வேகக் குறைப்பு திட்டமிட்டதைவிட அதிகமானது, அதனால் அடுத்த கட்டம் வடிவமைத்த வரம்புக்கு வெளியே தொடங்கி, கலம் வேகமாக மோதியது. சோமநாத் சொன்ன விளக்கம் வர நான்கு ஆண்டுகள் ஆயின, அதுவும் பேச்சாகத்தான். வெற்றி கிடைத்த பிறகாவது அந்த அறிக்கையை வெளியிடலாமே. ஒவ்வொரு எஞ்சினும் எந்த நொடியில் எவ்வளவு கூடுதல் விசை தந்தது, திரும்பும் வேகத்துக்கு என்ன வரம்பு வைத்திருந்தார்கள், அந்த வரம்பை யார் எந்தச் சோதனையின் அடிப்படையில் முடிவு செய்தார்கள், போலிப்பறப்பில் அது ஏன் தென்படவில்லை: இந்த நான்குக்கும் விடை தெரிந்தால் நம் பொறியியல் கல்லூரிகளின் கட்டுப்பாட்டியல் வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பாதுகாப்பு தொடர்பான பக்கங்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு மீதியைத் தரட்டும்.