கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும்? அது மட்டும் பரம இரகசியம்

சின்னம்மாவின் குரற்பதிவு விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு வந்து விழுந்தது. "மனே, மாமாங்கத்தக் கும்பிட்டுட்டு அப்படியே கொக்கட்டிச்சோலை, அப்படியே மண்டூர், அப்படியே திருக்கோவில், அப்படியே உகந்தை. பின்னேரப் பூசைக்குக் கதிர்காமத்துல நிக்கலாம்தானே?"

ஆறு கோயில்கள், நான்கு 'அப்படியே'. அந்தக் கோயில்களுக்கு நடுவில் ஒரு வாவியும் மூன்று மாவட்டங்களும் யானைக்காடும் கிடக்கின்றன என்பது சின்னம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் வேன் பிடிப்பது, வழி பார்ப்பது, நேரம் விசாரிப்பது எல்லாம் என் பாடு. நான் மட்டக்களப்பு டவுனில் இருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக, குடும்பத்தில் யார் எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும். இந்த முறை சுவிஸிலிருந்து மச்சாள் வேறு பிள்ளைகளோடு வந்திருந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறாளாம், ஒரு கோயிலும் விடக்கூடாதாம்.

சரி, விடாமல் போவோம். தூரம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அதைக் கணக்குப் போடலாம். கொழும்பிலிருந்து சுற்றிக்கொண்டு வரும் ஏ4 வீதி எங்கள் ஊரில்தான் வந்து முடிகிறது. அதே வீதியைப் பிடித்துத் தெற்கே போனால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் திருப்பம், பொத்துவில். பொத்துவிலுக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து லகுகலைக் காடு, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள, பிறகு யானை நடுவீதியில் நின்று பழம் கேட்கும் அந்த ரோட்டு, கதிர்காமம். மச்சாள் மெப்பில் விரலை வைத்து, "உகந்தையில இருந்து கதிர்காமம் கிட்டத்தானே மச்சான்" என்றாள். கிட்டத்தான், நடக்கிறவர்களுக்கு. ஆடியில் சில நாட்கள் மட்டும் காட்டுப்பாதை திறப்பார்கள், குமுக்கன் ஆறு கடந்து யால வழியாகக் கால்நடையாகப் போகலாம். வேன் அந்தப் பக்கம் போகாது. உகந்தையைக் கும்பிட்டால் பாணமை வழியாகத் திரும்பிப் பொத்துவிலுக்கு வந்துதான் ஆகவேண்டும். இதை வெற்றிலையில் சுண்ணாம்பால் வரைந்து காட்டாத குறையாக மூன்று தரம் விளக்கினேன்.

வாவியும் அப்படித்தான். 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது அது. கிழக்கே எழுவான்கரையில் நிற்கிறவனுக்கு, மேற்கே படுவான்கரைக் கோயில் கண்ணுக்கு முன்னால் இருக்கும், போய்ச் சேர ஒரு மணித்தியாலம் எடுக்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. அது பெரிய புண்ணியம். மண்டூருக்கு வேனில் என்றால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். "குருமண்வெளியால பாதையில போனா டக்கெண்டு போகலாம்" என்று மாமா சொன்னதும் மச்சாளின் மகன் மெப்பைத் திறந்து அந்தப் 'பாதை'யைத் தேடத் தொடங்கினான். பாதை என்றால் எங்கள் ஊரில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற படகு என்று அவனுக்கு யார் சொன்னது? பாவம், தண்ணீருக்குள் ரோட்டுத் தேடினான்.

இதெல்லாம் சமாளிக்கலாம். எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். கோயில் எப்போது திறக்கும், எப்போது பூட்டும்? இந்த ஒரேயொரு விவரத்தை இந்த மாவட்டத்தில் ஒரு மனிதனால் உருப்படியாகக் கண்டுபிடிக்க முடியுமா? கதிர்காமத்தில் பூசை 4.30, 10.30, பின்னேரம் 6.30. சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதை நடுவில் வைத்துத்தான் முழுப் பயணத்தையும் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். மற்றக் கோயில்களுக்கு?

முகநூலில் தேடினேன். ட்ரோன் வீடியோ இருக்கிறது. கோபுரத்துக்கு மேலால் சுற்றி, வாவியைக் காட்டி, வயல்வெளியைக் காட்டி, பின்னணியில் நாதஸ்வரம். கீழே நூறு பேர் 'ஓம் முருகா' போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் "பூசை நேரம் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் யாரோ 'ஓம் முருகா' என்றுதான் பதில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கோயிலின் பழைய நோட்டீஸில் போன் இலக்கம் கிடைத்தது. எடுத்தேன். "நான் போன நிருவாகத்துச் செயலாளர் தம்பி, இப்ப எனக்கும் கோயிலுக்கும் ஒரு தொடர்பும் இல்ல" என்றார். புதிய செயலாளரின் இலக்கம் கேட்டேன். அவரோடு கதைப்பதில்லையாம். இன்னொரு இலக்கம் ஒலிபெருக்கிக்காரருடையது. அவர் நல்ல மனிதர், இருபது நிமிடம் கதைத்தார், திருவிழாவுக்கு எத்தனை பெட்டி கட்டினார் என்பது வரை சொன்னார். நடை திறக்கும் நேரம் தெரியாது. மூன்றாவது இலக்கம் கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கருடையது. "நீங்க வாங்க, பார்ப்பம்" என்றார். பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு 'பார்ப்பம்' என்ற சொல்லை நம்பியா வருவது?

பயண நாள் வந்தது. பதினான்கு சீற் வேனில் பதினேழு பேர். குளிரூட்டி வேலை செய்யும் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிய வேன்காரர், ஏறிய பிறகு "காத்து நல்லா வரும், கண்ணாடியத் திறந்து விடுங்க" என்றார். அதைக்கூட மன்னித்துவிட்டேன். மாமாங்கம் நன்றாக நடந்தது. விடியற்காலையில் தீர்த்தக்குளத்துப் படியில் கால் நனைத்தபோது மச்சாளின் கண் கலங்கியதைப் பார்த்தேன், இந்த அலைச்சல் எல்லாம் இதற்குத்தானே என்று நினைத்தேன். பிறகு ஆளாளுக்கு இறங்கி ஏறி, மாமிக்குப் பூ வாங்கி, கச்சான் வாங்கி, நேரம் கையால் நழுவி, ஒரு கோயில் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 12.25. எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன். எந்தக் கோயிலாகவும் இருக்கலாம், அதுதான் என் கோபமே.

கேற் பூட்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மணலில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. அம்மம்மா அர்ச்சனைத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தேங்காய்க்கும் வேர்க்கும்போல. கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. காலணியைக் கழற்றவும். ஆண்கள் மேலங்கியுடன் உள்ளே வரவேண்டாம். கைத்தொலைபேசி தடை. வெற்றிலை துப்பக்கூடாது. துடக்குள்ளவர்கள் வரவேண்டாம். அந்த ஊரில் என்னென்ன செய்யக்கூடாதோ அவ்வளவும் எழுதி, அடியில் 'இங்ஙனம் நிருவாகம்'. எப்போது வரலாம் என்பதை மட்டும் எழுதவில்லை. அதே மதிலில் போன வருடத்துக் கும்பாபிஷேகப் பதாகை வெயிலில் நிறம் போய்த் தொங்குகிறது. அதில் சுபமுகூர்த்தம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. வருடக்கணக்காகக் காசு சேர்த்து நடத்துகிற ஒரு நாளுக்கு நிமிடம் வரைக்கும் அச்சடிக்கத் தெரிகிறது. மிச்சம் 364 நாளுக்கு ஒரு பலகை எழுத ஒரு தீந்தை வாளி கிடைக்கவில்லையா?

வளவுக்குள் குப்பை கூட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கேற்றடிக்கு வந்தார். "ஐயர் இப்பதான் மனே சைக்கிள்ல போனவர். இனி நாலரை, அஞ்சுக்குத்தான். நேத்து வந்திருந்தா பகல் முழுக்கத் திறந்துதான் கிடந்த."

நேற்று. கேட்டீர்களா?

நடை சாத்துவதைக் குறை சொல்லவில்லை. ஐயரும் மனிதர், அவருக்கும் பசிக்கும். எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் பலவற்றில் வைகாசியில் கதவு திறந்து, சடங்கு நடந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தியோடு மறுபடி சாத்திவிடுவார்கள். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான். அது மரபு, அதன் அழகே அதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? கதிர்காமத்திலும் மண்டூரிலும் வாய்கட்டிப் பூசை செய்வார்கள், மந்திரம் வெளியே கேட்காது. பூசைக்கு வாய் கட்டுவதைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பூசை நேரத்தைக் கேட்டாலும் ஊரெல்லாம் வாய் கட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான். பின்னேரம் வரை காத்திருப்பதா போவதா என்று வேனுக்குள் அரை மணித்தியாலம் வாக்குவாதம். மாமா இருப்போம் என்றார், வேன்காரர் காத்திருப்புக் காசு என்றார், பிள்ளைகள் பசி என்றார்கள். கட்டிக்கொண்டு வந்த புட்டை வேம்பு நிழலில் சாப்பிட்டுவிட்டு வாசலில் சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டோம். அம்மம்மா தேங்காயைக் கேற்றடியில் உடைக்க மறுத்துவிட்டார். அது கதிர்காமம் வரை அவர் மடியிலேயே வந்தது. உகந்தை அன்றைக்கு வெட்டுப்பட்டது. பொத்துவிலில் நாங்கள் விரதக்காரர் என்று கேட்ட முஸ்லிம் கடைக்காரர், புதிதாகக் கழுவிய கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். கடைவாசலில் 'காலை 5 முதல் இரவு 10 வரை' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பின்னேரப் பூசையும் தவறி, ஒன்பது மணிக்குக் கதிர்காமத்தில் இறங்கினோம். 4.30 பூசைக்கு எழும்பியது நானும் அம்மம்மாவும் மட்டும்.

எல்லாம் என் பிழை என்று முடிவானது. "நீ நேரத்த விசாரிச்சு வச்சிருக்கலாமே மனே" என்று சின்னம்மா திரும்பும் வழியெல்லாம் சொன்னார். விசாரித்தேன் சின்னம்மா. மூன்று இலக்கம்.

வந்த கையோடு ஒரு வேலை செய்தேன். போன கோயில்களில் நேரில் கேட்டறிந்த நேரங்களை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். மச்சாள் அதைத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பியிருக்கிறாள், அவர்கள் வேறு யாருக்கோ. நேற்றிரவு ஒன்பதரைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கனடாவிலிருந்து எடுத்து, அந்தப் பூட்டிய கேற்றுக் கோயிலின் பெயரைச் சொல்லி, "வாற வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குப் போனா திறந்திருக்குமா அண்ணை?" என்று கேட்கிறார். என்ன சொல்வது? வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது:

"நீங்க போங்க, பார்ப்பம்."