தரங்கம்பாடிக் கோட்டையை வெள்ளைக்காரன் கட்டவில்லை

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். அந்த ரீலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கிருஷ்ணகிரி குரூப்பில் பாதிப் பேர் ஷேர் செய்திருக்கிறீர்கள். நம்ம ஊர்த் தம்பிகள் நாலு பேர் வேன் எடுத்துக்கொண்டு தரங்கம்பாடி போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மதில் மேல் நின்றுகொண்டு, "இங்கிலீஷ்காரன் கட்டின கோட்டை மக்களே, நானூறு வருசமா நிக்குது. நம்மாளு கட்டினா நாலு வருசம் நிக்குமா?" என்று கேட்டதைத் தாங்க முடியவில்லை.

கமென்டில் இரண்டே வரி எழுதினேன். அது இங்கிலீஷ்காரர் கோட்டை இல்லை, டேனிஷ்காரர் கோட்டை. கட்டிய கை நம்ம கை. அவ்வளவுதான். "மலை ஊர்க்காரருக்குக் கடலோரக் கோட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். அதன்கீழ் வரிசையாகச் சிரிப்பு. அப்புறம் பார்த்தால் என் கமென்டையே காணோம்.

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1618-ல் டென்மார்க்கிலிருந்து ஓவ் கிட் என்பவர் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. வந்து சேர இரண்டு வருடம் ஆனது. வழியிலேயே பாதிக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 3,111 ரூபாய் கொடுப்பதாகச் சொல்லித்தான் அந்த மண்ணில் கால் ஊன்றினார்கள். நாயக்கரிடம் குத்தகைக்கு வாங்கிய இடம் அது. மிளகு வாங்கி அனுப்ப ஒரு கிடங்கு வேண்டும், கிடங்குக்குக் காவல் வேண்டும், அதற்குத்தான் கோட்டை. கீழ்த்தளத்தில் சரக்கு, சிப்பாய்கள், சிறை. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரிமாரும். சுற்றி அகழி.

இப்போது யோசியுங்கள். பாதிப் பேரைக் கடலில் விட்டுவிட்டு வந்து இறங்கியவர்கள் அத்தனை பெரிய மதிலைத் தாங்களே செங்கல் சுமந்து எழுப்பினார்களா? சுண்ணாம்பு குழைத்தார்களா? சாரம் கட்டினார்களா? கட்டச் சொன்னவன் வெள்ளைக்காரன். கட்டியவன் வெள்ளைக்காரன் இல்லை.

பிளான் அவர்களுடையதுதானே என்பீர்கள். ஆமாம், பிளான் அவர்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். மூலைக் கொத்தளமும் கடலைப் பார்த்த பீரங்கி மேடையும் அவர்கள் ஊர் யோசனை. ஆனால் பிளான் போட்ட தாள் மழையில் நிற்காது. நின்றது சுவர்.

போன வருடம் நான் அங்கே போயிருந்தேன். உள்ளே ஒட்டகத் திமில் மாதிரி வளைந்த கூரைகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அந்தப் பாரத்தை நடுவில் ஒரு தூண் தாங்கி நிற்கிறது. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும். நான் அந்தத் தூணில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கூட வந்தவர்கள் கடலுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் நின்றேன் என்றால், என் தாத்தா கொத்தனார். ஊர் காவேரிப்பட்டணம். (தரங்கம்பாடிக்குப் பக்கத்திலிருக்கிற காவிரிப்பூம்பட்டினம் இல்லை, நம்ம தென்பெண்ணைக் கரைக் காவேரிப்பட்டணம்.) சிமென்ட் வருவதற்கு முந்தின காலத்து வேலைக்காரர். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து நாள் கணக்கில் புளிக்க விடுவாராம். நான் பார்த்தபோது அவருக்கு வேலை நின்றுபோயிருந்தது, விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. நுனியெல்லாம் வெடித்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. காரக் குழம்பு ஊற்றினால் கையால் பிசைய முடியாது, எரியும். பாட்டி தினமும் ராத்திரி நல்லெண்ணெய் தடவி விடுவாள். நாலு நூற்றாண்டுக்கு முன்னால் அந்தக் கோட்டைக்குச் சுண்ணாம்பு குழைத்தவன் விரலும் அப்படித்தானே வெடித்திருக்கும்?

"பெயர் இருக்கிறதா, ஆதாரம் காட்டு" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து கேட்கிறார். கொத்தனார் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? தாத்தா கட்டிய பெரிய வீடு இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறது. யார் கட்டியது என்று கேட்டால் ஊரே வீட்டுக்காரர் பெயரைத்தான் சொல்லும்.

நான் டேனிஷ்காரருக்கு வக்காலத்து வாங்குவதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்தத் துறைமுகத்திலிருந்து அடிமை வியாபாரமும் நடந்தது. தமிழை அச்சேற்றிய பாதிரியார் சீகன்பால்குவை டேனிஷ் கவர்னரே 1708-ல் அதே கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார். இங்கிலீஷ்காரர்கள் 1845-ல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குத் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து விலைக்கு வாங்கினார்கள். விலைக்கு வாங்கியவனைக் கட்டியவன் என்கிறீர்கள்!

நம்மாளு கட்டினால் நிற்காதா? கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306-ல், குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரன் வருவதற்கு முந்நூறு வருடம் முன்னால். கடல் பாதியைத் தின்றும் மீதி நின்றது. ரீலில் அதைக் காட்டவே இல்லையே தம்பி.

அதெல்லாம் தூரம் என்றால் ஜன்னலைத் திறந்து நம்ம கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கிற சையத் பாஷா மலையைப் பாருங்கள். 1791 நவம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த போரில், இங்கிலீஷ்கார கர்னல் மேக்ஸ்வெல்லின் படை ராத்திரியில் ஏறிப் பார்த்து, முடியாமல் திரும்பியது இந்தக் கோட்டையில்தான். அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற நம்ம பகுதி முழுவதும் கைமாறியபோதுதான் கிருஷ்ணகிரி இங்கிலீஷ்காரர்களுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் பையனாக அந்த மதில் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் தின்றவன் நான். மலை ஊர்க்காரனுக்குக் கோட்டை தெரியாது என்று சிரிக்கிறீர்கள். வலிக்கிறது, வேறென்ன சொல்ல.

ரீலை எடுக்கச் சொல்லவில்லை. அழகாகத்தான் எடுத்திருக்கிறீர்கள், கடல் நன்றாக வந்திருக்கிறது. "இங்கிலீஷ்காரன் கட்டின" என்ற இரண்டு சொல்லை மட்டும் மாற்றுங்கள். என் கமென்டை இன்று காலை ஏழு மணிக்குத் திரும்பப் போட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்போது இருக்கிறது.