மாசி வீதியில் நடக்க விடுங்கள்

மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வளர்ந்தவன் நான். வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அதுவும் பெரும்பாலும் அரிசி மூட்டை ஏற்றி வரத்தான். மற்றதெல்லாம் நடைதான். அப்பாவுக்குக் கீழமாசி வீதி மளிகைக் கடையில் கணக்கு வேலை. மதியம் நடந்து வந்து சாப்பிட்டு, திண்ணையில் சற்றுக் கண்ணயர்ந்து, மறுபடி நடந்தே போவார். எனக்கு வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி. 1904இல் பாரதியார் கொஞ்ச காலம் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளிதான். சட்டை தைக்கப் புதுமண்டபம், சினிமாவுக்குச் சென்ட்ரல். 1921இல் காந்தி மேல்சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறிய மேலமாசி வீதி வீடு, எங்களுக்கு அப்பத்தா போர்வை வாங்கும் கதர்க்கடை. அவ்வளவுதான்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். வெளி வீதிகள் 1840களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் கோபுரம் தெரிந்துவிடும், தொலைந்துபோக வழியே இல்லை. அதனால்தான் சின்ன வயதிலேயே தனியாகக் கடைக்கு அனுப்பினார்கள்.

ஆனால் என்னை மட்டும்தான் அனுப்பினார்கள். அக்காவுக்கு ஆவணி மூல வீதி தாண்டினாலே துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் அவளைவிடச் சின்னவனான நான்! திறந்த சாக்கடையும் மாட்டுச் சாணமும் வேறு. ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று எழுதுகிறவர்களிடம் அவரவர் அக்கா தங்கைகளைக் கேட்டுவிட்டு எழுதச் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் ஒன்று நன்றாக இருந்தது. கீழே கடை, மேலே குடித்தனம். வேலை, பள்ளி, காய்கறி, வைத்தியர் எல்லாம் கூப்பிடு தூரம். இப்போது குடித்தனங்கள் கே.கே.நகர், புதூர் என்று போய்விட்டன. வீடுகள் குடோனாகவும் லாட்ஜாகவும் மாறிவிட்டன. போனவர்கள் பட்டுச்சேலை எடுக்கக் காரில் டவுனுக்குள் வந்து, நிறுத்த இடமில்லை என்று புலம்புகிறார்கள்.

சித்திரை வீதிகளில் வண்டிகளைத் தடுத்து, தரையில் கல் பதித்திருக்கிறார்கள். நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. அது பக்தர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும். சந்தில் குடியிருக்கிற பாட்டி மருந்து வாங்க மாசி வீதிக்குத்தானே வர வேண்டும்? அங்கே லோடு வண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறாள்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் தேர் சுற்றுவது இதே நான்கு மாசி வீதிகளில்தான். (மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள், வீதியின் பெயர் மட்டும் மாறவில்லை.) அன்றைக்கு ஒரு பைக் நிற்காது, நீட்டிய பந்தல் இருக்காது. தேருக்கு வழி விடத் தெரிந்த ஊர்தானே இது?

நாள் முழுக்கக் கேட்கவில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் இரண்டு மணி நேரம் மாசி வீதிகளில் சரக்கு வண்டிகளை நிறுத்துங்கள். வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பேசலாம். லோடு இறக்க ராத்திரி முழுக்க இருக்கிறது.