நார்விச் ஜூலியன் இருபது ஆண்டுகள் சுமந்த கேள்வி

"எல்லாம் நலமாகும்" என்ற வரியை அழகிய படங்களில் பொறித்துப் பலரும் பகிர்கிறார்கள். துயரத்தில் இருப்பவரைத் தேற்றவே அனுப்புகிறார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால், அந்த வரியை எழுதிவைத்த, இங்கிலாந்தின் நார்விச் நகரில் வாழ்ந்த துறவுப் பெண்ணான நார்விச் ஜூலியனுக்கு அது எளிதாகக் கிடைத்த ஆறுதல் அன்று என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

1373ஆம் ஆண்டு மே மாதம், முப்பதரை வயதில் அவர் சாகக் கிடந்தார். பங்குக் குரு கொண்டுவந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை, பார்த்தபடியே கிடந்தபோது தொடங்கிய இறைக்காட்சிகள் பதினாறு. அவற்றினிடையே ஒரு சிறு நிகழ்ச்சி: அருகில் நின்ற தாய், மகளின் உயிர் பிரிந்துவிட்டதென்று எண்ணி, கண்களை மூடக் கையை முகத்தருகே கொண்டுபோகிறார், காட்சி தடைபடுமே என்று மகளின் வேதனை கூடுகிறது. அந்தக் காட்சிகளைப் பற்றி ஜூலியன் முதலில் எழுதிய குறுநூலில் இது இருக்கிறது. பின்னர் விரித்தெழுதிய நெடுநூலில் இல்லை. மாறாக, இயேசுவையே நம் தாய் என்று அழைத்து, தாய் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், அவரோ தம்மையே உணவாகத் தருகிறார் என்று எழுதும் பகுதிகள் நெடுநூலில்தான் வருகின்றன. நீக்கப்பட்ட அந்தத் தாயின் கை இந்தப் பக்கங்களில் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

1349இல் கொள்ளைநோய் நார்விச்சைச் சூறையாடியபோது அவர் சிறுமி. பாவத்தை இறைவன் தொடக்கத்திலேயே ஏன் தடுக்கவில்லை என்று அவர் கேட்டது, அவ்வளவு சாவுகளைக் கண்ட ஊரிலிருந்து எழுந்த கேள்வி. "எல்லாம் நலமாகும்" என்பது அதற்குக் கிடைத்த மறுமொழி. அத்துடன் அவர் அடங்கிவிடவில்லை. திருச்சபை நரகத்தைப் பற்றிக் கற்பிக்கிறதே, அப்படியிருக்க எல்லாம் எப்படி நலமாகும் என்று மீண்டும் கேட்டார். திருச்சபையின் போதனையையும் விடவில்லை, தாம் கண்டதையும் விடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமந்த அந்த நேர்மைக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு விடையாக அவர் கண்டது ஒரு தலைவனும் பணியாளனும். தலைவன் இட்ட பணியைச் செய்ய அன்பால் விரைந்தோடும் பணியாளன் பள்ளத்தில் விழுகிறான். அடிபட்டதைவிடப் பெரிய துன்பம், தன்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் தலைவனின் பக்கம் முகத்தைத் திருப்ப முடியாததுதான். தலைவனோ அவன்மேல் எந்தக் குற்றமும் சுமத்துவதில்லை. இதன் பொருள் விளங்க இருபது ஆண்டுகளுக்கு மூன்று மாதமே குறைவாக ஆயிற்று என்று அவரே கணக்குச் சொல்கிறார்.

புனித ஜூலியன் ஆலயத்தை ஒட்டிய சிற்றறையில் செப வாழ்வுக்காக அடைபட்டு வாழ்ந்த அவரைத் தேடி, 1413 வாக்கில் மார்ஜரி கெம்ப் என்ற பக்தைப் பெண் அறிவுரை கேட்டு வந்தார். ஆங்கிலத்தில் பெண் ஒருவர் எழுதியதாக அறியப்படும் முதல் நூல் ஜூலியனுடையது. ஆனாலும் அது அச்சேறியது 1670இல்தான். பரவலான வாசகர்களைச் சென்றடைந்ததோ 1901இல் கிரேஸ் வாரக் வெளியிட்ட பதிப்புக்குப் பிறகு. 1942இல் குண்டுவீச்சில் அந்த ஆலயம் இடிந்தது. அதே ஆண்டு வெளிவந்த டி. எஸ். எலியட்டின் கவிதையில் ஜூலியனின் அந்த வரி ஒலித்தது.

அந்தப் படத்தை அடுத்த முறை அனுப்பும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நெடுநூலின் 51ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். அந்நூலிலேயே மிக நீண்ட அதிகாரம் அது. பள்ளத்தில் கிடக்கும் பணியாளன் அங்கேதான் இருக்கிறான்.