ஆம்பியர் வேறு, வோல்ட் வரம்பு வேறு
ட்ரோன் போன்றவற்றில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 30 ஆம்பியர் என்றால் 3எஸ் (மூன்று செல்), 4எஸ் (நான்கு செல்) எந்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் போடலாம், தான் 4எஸ் போட்டு ஒரு நாள் ஓடியது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்: அது சரியல்லங்க. ஆம்பியர் மின்னோட்டத்துக்கான அளவு. வோல்ட் வரம்பு தனி. முழுதாகச் சார்ஜ் ஆன 3எஸ் 12.6 வோல்ட், 4எஸ் 16.8. 4எஸ் பேட்டரி மேல் போட்டிருக்கும் 14.8 வோல்ட் பெயரளவுதான். பேட்டரி ஒயர் நீளமானால் வோல்டேஜ் கணநேரம் இன்னும் எகிறும். இ.எஸ்.சி. உள்ளே மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட் அதில்தான் அடிபடும். அதனால் ஒரு நாள் ஓடியதை ஆதாரமாக எடுக்க முடியாது.

இ.எஸ்.சி. லேபிளைப் பாருங்கள். ‘2-3எஸ்’ என்றிருந்தால் 4எஸ் வேண்டாம். சந்தேகமா? சார்ஜ் ஆன பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து, தயாரிப்பாளர் கொடுத்த அதிகபட்ச வோல்ட்டோடு ஒப்பிடுங்கள்.