போனைப் பிடுங்கினால் போதாது, பள்ளிக்கூடத்து போனை எடுக்க ஆள் வேணும்

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட்போன் கொண்டு போகக் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. போன் பார்த்து ஒருமுறை சிதறிய கவனம் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. நம்ம பள்ளிகளில் ஒரு பீரியடே 40, 45 நிமிடம்தான்.

ஆனாலும் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, போன் கொடுத்து அனுப்புகிற வீடுகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பா கடலிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார், இல்லை இறால் கம்பெனியில் நிற்பார். சிறப்பு வகுப்பு முடிந்து பஸ்ஸை விட்ட பெண்பிள்ளை யாரைக் கூப்பிடும்? இதற்குப் பதில் சொல்லாமல் "தடை" என்று நோட்டீஸ் ஒட்டினால், போன் பையின் அடியில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே போகும், அவ்வளவுதான்.

தேவை உள்ள பிள்ளைக்குப் பட்டன் போன் போதும். வாங்கும்போது பாருங்கள், 4ஜி பட்டன் போன் சிலவற்றில் யூடியூப் ஓடும். பெற்றோர் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் போன் நம்பர், மாடல், ஐஎம்இஐ எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இருக்கட்டும் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது, *#06# அழுத்தினால் வந்துவிடும்). ஒரே மாடல் இரண்டு மாறிப்போகும் சண்டை இதில் பாதி தீரும்.

காலையில் வாங்கி மேசை டிராயரில் மொத்தமாகக் கொட்டுவதுதான் எல்லா வம்புக்கும் ஆரம்பம். ரோல் நம்பர் எழுதிய துணிப்பை ஆளுக்கொன்று, பூட்டுள்ள அலமாரி, கையெழுத்து நோட்டு. சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும், லீடரிடம் வேண்டாம். திரை எரிவதைப் பார்த்த பிறகே அணைத்து வாங்குங்கள். செத்த போனை ஒப்படைத்துவிட்டு நல்லதைப் பையில் வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. சில பட்டன் போன்களில் அணைத்து வைத்தாலும் அலாரம் அடிக்கும், அதையும் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். அலமாரிக்குள் சார்ஜ் போடவே கூடாது. கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே திருப்பிக் கொடுத்தால்தான் பஸ் கிடைக்கும்.

போன் கூடாது என்கிற அதே பள்ளி வீட்டுப்பாடத்தை இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். இல்லை, பாடத்தைக் காரணம் காட்டிப் பிள்ளை பத்து மணி வரை ரீல்ஸ் பார்க்கும். கரும்பலகையில் எழுதிப்போட்டு டைரியில் குறிக்கச் சொன்னால் முடிந்தது.

கேமரா விஷயத்தில் பெற்றோரும் கவனிக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படம் குரூப்பில் வந்தால், "ஆதாரம்" என்று வாத்தியாருக்கு பார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்புவதே குற்றம். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, பள்ளி அலுவலகத்தில் ஒரு போன், மதிய இடைவேளையிலும் அதை எடுக்க ஓர் ஆள், பிள்ளை இலவசமாகப் பேச அனுமதி. பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். மாத ரீசார்ஜ் ஒன்றும் பெரிய செலவில்லை.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிப் பாதி நாளில் பள்ளி விடுகிற அன்று அந்த ஒரு எண் தாங்காது. வகுப்புக்கு நாலு பெற்றோர், ஆளுக்குப் பத்து வீடு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் 40 வீட்டுக்கும் சீக்கிரமே சேதி போய்விடும். அந்தப் பட்டியலைச் செப்டம்பரிலேயே ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடையில் கையில் காசில்லாமல் ரீசார்ஜ் விட்டு, அப்படியே செத்துப்போன எண்கள் அதில் நாலைந்தாவது இருக்கும்.